ஜியோகாடி கடைசி ட்ராக்கில் சத்தமே இல்லை, என் கேசட் டெக்கும் நடுங்குகிறது, உதவி வேண்டும்

கேள்வி:
போர்ட்ஸ் ஆஃப் கனடா என்ற மின்னணு இசைக் குழுவின் 'ஜியோகாடி' ஆல்பத்தைப் போன வாரம் காசு கொடுத்து வாங்கினேன். மொத்தம் 23 ட்ராக். கடைசியில் வரும் 'மேஜிக் விண்டோ' 1 நிமிடம் 46 வினாடி ஓடுகிறது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இரண்டு தடவை மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டேன், ஹெட்ஃபோனையும் மாற்றினேன். ஃபைல் கெட்டுப்போயிருக்குமா? அப்புறம் இன்னொன்று. அவர்களுடைய கீபோர்டு ஒலி சுருதியிலிருந்து மெதுவாக நழுவித் திரும்புமே, அது வேண்டுமென்று என் கீபோர்டைப் பழைய கேசட் டெக்கில் பதிந்தேன். வந்தது என்னவோ ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி ஒரு நடுக்கம். எங்கே தப்பு?

பதில் 1:
ஃபைலில் கோளாறு இல்லை, அந்த ட்ராக்கே மௌனம்தான். அதையும் சேர்த்தால்தான் ஆல்பத்தின் நீளம் 66 நிமிடம் 6 வினாடி ஆகும். 2002இல் வந்ததிலிருந்து, இது பைபிளில் சாத்தானோடு சேர்த்துப் பேசப்படும் 666 என்ற எண் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வினைல் இசைத்தட்டுகளில் ஆறாவது பக்கத்தில் பாட்டே கிடையாது, ஒரு குடும்பத்தின் படத்தைப் பொறித்திருக்கிறார்கள்.

பதில் 2:
சாத்தானை விடுங்கள், உண்மையாகவே மறைத்து வைத்த விஷயம் '1969' பாட்டில் இருக்கிறது. குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடர் கருவியில் சிதைந்து வரும் குரல், பிராஞ்ச் டேவிடியன் என்ற கிறிஸ்தவ சபையைப் பற்றிப் பேசுகிறது. டெக்சாஸில் வேகோ அருகே 1993இல் 51 நாள் முற்றுகைக்குப் பிறகு தீயில் முடிந்ததே, அந்தச் சபைதான். 2000இல் அவர்கள் வெளியிட்ட இ.பி.யிலும் (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன ஆல்பம்) ஒரு பாட்டுக்கு அந்தச் சபையோடு தொடர்புள்ள ஒரு பெண்ணின் பெயர். தாலாட்டு மாதிரி மெட்டுக்கு அடியில் இதை வைத்திருப்பதுதான் என்னை உலுக்குகிறது.

பதில் 3:
எனக்கு இதில் உடன்பாடில்லை. சபை, எண் எல்லாம் மேலே தூவியவை, அர்த்தம் பதிவு முறையிலேயே இருக்கிறது. இந்தக் குழுவே ஸ்காட்லாந்துக்காரர்களான இரண்டு சகோதரர்கள்தான், சின்ன வயதில் கொஞ்ச காலம் கனடாவில் இருந்தவர்கள், குழுவின் பெயரே அந்நாட்டு அரசுத் திரைப்பட வாரியத்திலிருந்து வந்தது. தேய்ந்த பழைய படச்சுருளில் இசை எப்படி வளைந்து கேட்குமோ, அப்படிக் கேட்கத்தான் டேப்பில் போட்டு வேண்டுமென்றே ஒலியைக் கெடுக்கிறார்கள். ஞாபகம் மங்குவதையே ஒலியாக்குகிறார்கள் என்பேன்.

உங்கள் டெக் விஷயம்: கேசட் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் கம்பி 2.5 மி.மீ. தடிமன் என்றால் வினாடிக்கு ஆறு சுற்று. அதில் துளி அழுக்கு ஒட்டியிருந்தாலும் வினாடிக்கு ஆறு முறை சுருதி உதறும், உங்கள் ஆட்டுக்குட்டி அதுதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துக் கம்பியைத் துடையுங்கள், ரப்பர் உருளையை லேசாக மட்டும். நீங்கள் தேடும் நழுவல் இதைவிட ரொம்ப மெதுவானது, ஒரு அலைக்கு ஒன்றிரண்டு வினாடியாவது ஆக வேண்டும். பதிந்ததையே இன்னொரு கேசட்டுக்கு மாற்றுங்கள், கூர்மையும் மழுங்கும்.

கேள்வி கேட்டவர்:
துடைத்தேன் அண்ணா, பஞ்சு கரி மாதிரி கறுத்துவிட்டது. உதறல் நின்றது. இரண்டாவது கேசட்டுக்கு மாற்றியதும் ஸ்வரம் முடியும் இடத்தில் சுருதி கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுகிறது, அதே நழுவல்! ராத்திரி முழுக்க ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.