இணைய கோல்ஃப் போட்டி: எந்த உதவிகளை அனுமதிப்பது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் சேர்ந்து பி.ஜி.ஏ. டூர் 2கே23 என்ற கோல்ஃப் வீடியோ விளையாட்டில் ஒரு சொசைட்டி (விளையாட்டுக்குள்ளேயே நாம் அமைக்கும் குழு) தொடங்கியிருக்கிறோம். ஓணம் விடுமுறையில் முதல் போட்டி. விதிமுறை எழுத உட்கார்ந்ததுமே இரண்டு கட்சியாகிவிட்டது.

ஒரு தரப்பு எல்லா உதவிகளையும் அணைத்துவிடச் சொல்கிறது. குழியை நோக்கி உருட்டும் முன்பே பந்து போகும் பாதையைக் கோடு போட்டுக் காட்டிவிட்டால், அதில் திறமை எங்கே என்று கேட்கிறார்கள். நியாயம்தான். அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் தொடரான நிஜ பி.ஜி.ஏ. டூரிலேயே புல்தரையின் சரிவைக் குறித்துவைத்த கையேடுகளுக்கு 2022 முதல் கடும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

ஆனால் சரிவைக் காட்டும் கட்டக்கோடுகளையும் எடுத்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. மைதானத்தில் நிற்பவருக்குப் பாதமே சரிவைச் சொல்லும். கூடவே, பையைச் சுமந்து யோசனையும் சொல்லும் கேடியும் இருப்பார். நமக்கு இருப்பதோ தட்டையான திரை. அந்தக் கோடுகளில் சிறு புள்ளிகள் ஊர்ந்து செல்லும் திசையையும் வேகத்தையும் பார்த்து, எவ்வளவு ஒதுக்கி அடிப்பது என்று கணிப்பதும் திறமைதானே? காற்றும் அப்படித்தான். ஆரல்வாய்மொழியில் அது முகத்தில் அறையும். திரையில் வெறும் எண்.

போட்டி நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே அமைப்பைக் கட்டாயமாக்குவதா, புதியவர்களுக்குத் தனிப் பிரிவா? நிஜ கோல்ஃபில் இருப்பதுபோல் ஹேண்டிகேப் (திறமை குறைந்தவருக்குத் தரும் அடிச் சலுகை) கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டா? புதிதாக வந்த தம்பிகள் முதல் சுற்றிலேயே மனம் விட்டுப்போகக் கூடாது என்பதுதான் என் கவலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.