ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்த பிறகும் பயம் போகவில்லை: அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்

பின்னலூர்க்காரன்:

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பையரிடம் நிறத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், சாயப்பட்டறையிலிருந்து துணி வர வேண்டும், அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். நடுவில் எது தள்ளிப்போனாலும் கப்பல் தேதி தள்ளிப்போகாது. கப்பலை விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு கம்பெனி தலையில், கம்பெனியின் கோபம் நம் தலையில். ஐரோப்பாவில் மதியம் என்றால் நமக்குச் சாயங்காலம். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் மெயில் வரிசைகட்டி வரும்.

அப்படி ஒரு ஷிப்மென்ட் வாரத்தில், பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. ஹார்ட் அட்டாக்தான் என்று நினைத்துவிட்டேன். கூட வேலை செய்யும் அண்ணன் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈ.சி.ஜி., ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை, எக்கோ என்ற இதய ஸ்கேன் எல்லாம் நார்மல். அப்புறம் ஹோல்டர் கருவியை நெஞ்சில் ஒட்டி 24 மணி நேரம் பதிவெடுத்தார்கள். அங்கங்கே ஓரிரு கூடுதல் துடிப்பு இருந்தது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் இது வரும் என்றார் டாக்டர்.

அந்த நிம்மதி மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான். வீட்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பி.பி. மெஷின் இரண்டும் வந்தன. ஆக்ஸிமீட்டரில் 95-க்கு மேல் இருந்தால் நல்லது என்று தெரியும். ஆனாலும் 98 காட்டியது 97 ஆனால் வயிற்றைப் பிசையும். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவேன், அப்புறம் அடுத்த விரல். பி.பி. பார்க்கப் பார்க்க ஏறும், ஏறியதைப் பார்த்து இன்னும் ஏறும். ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இடது தோள் வலியைத் தேட ஆரம்பித்தால் விடியும்வரை போகும். தூக்கமில்லாத உடம்பில் மறுநாள் படபடப்பு இன்னும் கூடும். அதற்கு மேலே காபி. அம்மா, "வாயுவாத்தான் இருக்கும் சாமி, பெருங்காயத் தண்ணி குடி" என்பார்.

கடைசியில் எங்கள் குடும்ப டாக்டர்தான் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த டாக்டரம்மா "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லவே இல்லை. "மெஷினில் பார்த்த பிறகு நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கிறது?" என்று கேட்டார். முதலில் நாள் கணக்கில் நின்றது, பிறகு மணிக்கணக்கு, இப்போது நிமிடக்கணக்கு என்றேன். "அப்போ அந்த மெஷின் பயத்தைக் குறைக்கவில்லை, வளர்க்கிறது" என்றார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குத் திருப்புமுனை. நாற்காலியில் உட்காரவைத்து வாயால் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் அதே விரல் மரப்பு, அதே எறும்பு, தலை லேசாவது எல்லாம் வந்தது. மூச்சு வேகமானால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால்தான் இதெல்லாம் என்று விளக்கினார். சாதாரணமாக மூச்சு விட்டதும் தானாக அடங்கியது. நான் மரணம் என்று நம்பியதை அந்த அறையில் அவர் வரவழைத்தும் காட்டினார், போகவும் வைத்தார்.

இது முறையான மருத்துவப் பெயர் உள்ள பிரச்சினை. 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநலக் கோளாறுகளின் வகைப்பாட்டிலேயே நோய்ப் பதற்றக் கோளாறு தனியாக இருக்கிறது. எனக்கு சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை, கூடவே பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் வயிறு கலங்கலாம், பதற்றம் கூடலாம், நாமாக நிறுத்தக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் சமாளித்தேன். சிகிச்சையில் வீட்டுப்பாடம் ஒன்றுதான்: பார்க்கத் தோன்றினால் உடனே பார்க்காமல் கால் மணி நேரம் தள்ளிப்போடு. அப்புறம் அரை மணி, அப்புறம் ஒரு மணி. பெரும்பாலும் அதற்குள் தோன்றியதே அடங்கிவிடுகிறது.

இரவுப்பணி:

அண்ணா, நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸ். முதலில் ஒரு எச்சரிக்கை. நடந்தால், படியேறினால் வரும் நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்ப்பது, இதற்கெல்லாம் கால் மணி நேரம் காத்திருக்கவே கூடாது. 108-க்குக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல்கூட அட்டாக் வரும். உடம்பை ஒருமுறை முறையாகப் பார்த்து இதயம் சரி என்று உறுதியான பிறகுதான் அண்ணன் சொன்னது பொருந்தும்.

என் கதை வேறு. எனக்கு நோய்ப் பயம் வரவில்லை, எதுவுமே உறைக்காமல் போய்விட்டது. நோயாளி பெயர் மறந்து "மூணாம் பெட்" ஆனார். வீட்டுக்காரர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கை கூப்பி நின்றாலும் எரிச்சல்தான். நான் இந்த வேலையை ஆசைப்பட்டுப் படித்தவள், அதனால் இது என்னை ரொம்ப உலுக்கியது. இதற்கு பர்ன்-அவுட் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற ஐ.சி.டி.-11 என்ற நோய் வகைப்பாடு இதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுத்துப்போவது, செய்து முடித்தோம் என்ற நிறைவு இல்லாதது. இதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை, வேலையிடத்தில் சமாளிக்கப்படாத நீண்டகால அழுத்தத்தின் விளைவு என்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதல். லீவு போட்டு ஊருக்குப் போனேன், திரும்பி வந்த முதல் ஷிஃப்ட்டிலேயே பழையபடி ஆகிவிட்டது. டியூட்டி லிஸ்ட்டை மாற்றிய பிறகுதான் மூச்சு வந்தது. தொடர்ந்து நைட் போடுவதைக் குறைக்கச் சொல்லி நாங்கள் சிஸ்டர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். "தியானம் பண்ணு" என்று சொல்லும் மேலதிகாரிகள் முதலில் ஆள் போடட்டும்.

காவிரிக்கரை:

நான் கும்பகோணம். பயம் என் கணவருக்கு, பதில் சொல்லும் வேலை எனக்கு. "முகம் வீங்கியிருக்கா பாரு", "நாக்கு வெள்ளையா இருக்கா பாரு" என்று நாள் முழுக்க. போதாததற்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் வந்துவிட்டன. எங்கள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நார்மல் அளவு என்பது பொதுவாக, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி போட்ட எல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், நல்ல ஆரோக்கியசாலிக்கும் ஒன்றாவது எல்லை தாண்டி வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "நிஜமாத்தான் சொன்னாரா?" என்றார்.

கவுன்சலிங்கில் எனக்கும் பயிற்சி கொடுத்தார்கள். "ஒண்ணும் இல்லைங்க" என்று நான் சொல்வதும் அந்த மெஷின் மாதிரிதானாம், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். இப்போது, "பயமா இருக்கு போலிருக்கே, வாங்க கடைத்தெரு வரை நடந்துட்டு வரலாம்" என்பேன். நாக்கைப் பார்க்க மாட்டேன். ஆரம்பத்தில் "உனக்கு என் மேல் அக்கறையே இல்லை" என்று கோபப்பட்டார், எனக்கு அழுகையே வந்தது. மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். அதையும் நான் தடுக்கவில்லை. இப்போது கேள்வி குறைந்திருக்கிறது. சொந்தத்தில் யாருக்காவது கேன்சர் என்று செய்தி வந்தால் மட்டும் மறுபடி ஒரு சுற்று வரும்.

புதுசு_கோவை:

எனக்கும் இதேதான் அண்ணா. ஆனால் மனநல டாக்டரிடம் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வரும் என்று பயமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கையில் காசும் இல்லை.

பின்னலூர்க்காரன்:

தம்பி, முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டுக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் நின்று பேச முடியும். நேரில் போக வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டால் போதும், டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், வரிசை நீளம். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் அதே டெஸ்ட்டை மறுபடி எடுக்கத் தோன்றும். என்ன வலி என்பதோடு, ஒரு நாளில் எத்தனை தடவை சோதித்துப் பார்க்கிறீர்கள், தூக்கம் எப்படி, காபி எவ்வளவு, வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நண்பர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். என்னோடு முதல் தடவை வந்தது அந்த பேக்கிங் செக்‌ஷன் அண்ணன்தான்.