தஞ்சாவூரில் மாடியில் அமர்ந்து பெரிய கோயிலைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும்: எந்தத் திசை, எந்த மாதம், எந்த நேரம்?

கேள்வி: அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் மயிலாடுதுறையில் வசிக்கிறேன். மும்பையில் இருக்கும் என் தமக்கையும் அத்தானும், அத்தானுடைய தாயாரும் இந்த ஆண்டுக் கடைசியிலோ தை மாதத்திலோ ஊருக்கு வருகிறார்கள். வரும்போது தஞ்சாவூரில் இரண்டு நாள் தங்குவதாகப் பேச்சு. உதய்பூரில் பிச்சோலா ஏரியைப் பார்த்தபடி ஒரு மாடி உணவகத்தில் சாப்பிட்டதைத் தமக்கை இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயிலை வைத்திருக்கும் நம் ஊரில் அப்படி ஓரிடம் இல்லையா என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாமெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டுக் கீழே ஏதாவது ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள்.

உணவகங்களின் பெயர்ப் பட்டியல் எனக்கு வேண்டாம். அதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்வேன். எந்தப் பக்கத்து மாடியிலிருந்து கோயில் விமானம் (கருவறைக்கு மேலே எழும் கோபுரம்) நன்றாகத் தெரியும், எந்த மாதத்தில், எத்தனை மணிக்குப் போக வேண்டும், போனால் என்ன சாப்பிடலாம் என்பதை ஊரில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பெரியவருக்கு மூட்டுவலி, மின்தூக்கி இல்லாத இடம் சரிப்படாது. நாங்கள் சைவம். தஞ்சாவூரைவிடக் கும்பகோணமோ திருச்சியோ இதற்கு ஏற்றது என்றாலும் சொல்லுங்கள்.

பதில்: மேலவீதிவாசி

தஞ்சாவூரில் மாடி உணவகம் தேடுபவர்கள் எல்லோரும் எத்தனையாவது மாடி என்று கேட்கிறார்கள். இங்கே உயரத்தால் பெரிய லாபம் இல்லை. விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம். நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்றாலும் நீங்கள் ஐம்பது அடியைச் சுற்றித்தான் இருப்பீர்கள், ஆகவே மாடியிலிருந்தும் அதை அண்ணாந்துதான் பார்க்கப் போகிறீர்கள். மாடியால் கிடைக்கும் ஒரே நன்மை, தெருவில் குறுக்கே வரும் விளம்பரப் பலகை, மின்கம்பி, தென்னை மட்டை ஆகியவற்றைத் தாண்டிவிடலாம் என்பது. அதற்கு மூன்றாம் மாடியே போதும்.

கோயிலை ஒட்டியே ஏன் உயரமான உணவகங்கள் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு. தொல்லியல் சின்னங்கள் குறித்த சட்டத்தில் 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்ட முடியாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். இது வணிகர்களுக்குத் தொல்லைதான் என்றாலும், ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் விமானம் தனித்து நிற்பதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்பதால் எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

இனி திசை. ரயில் நிலையம் கோயிலுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. பழைய பேருந்து நிலையமும் அரண்மனையும் வடகிழக்குப் பக்கம். தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை இந்தக் கிழக்குப் பாதியில், காந்திஜி சாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டி இருப்பதால், அங்குள்ள மாடிகளில் மாலையில் உட்கார்ந்தால் விமானம் உங்களுக்கு மேற்கே, சூரியனுக்கு முன்னால் நிற்கும். கல்லின் நிறமோ சிற்பமோ தெரியாது. கறுத்த வடிவம் மட்டும் செவ்வானத்தில் தெரியும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து மறைவதால் கோயிலுக்கு வடகிழக்கே உள்ள மாடியிலிருந்தும், வைகாசி, ஆனியில் வடமேற்கே மறைவதால் தென்கிழக்கே உள்ள மாடியிலிருந்தும் பார்த்தால், விமானத்தை ஒட்டியே சூரியன் இறங்குவதைக் காணலாம். கல் பொன்னிறமாக மின்னுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அதே கிழக்குப் பக்க மாடிக்குக் காலை ஆறரை, ஏழு மணிக்கு ஏற வேண்டும். அந்த நேரத்தில் மாடி உணவகம் எதுவும் திறந்திருக்காது, ஆனால் அந்த விடுதியிலேயே தங்கியிருப்பவர்கள் கேட்டால் காபியை மேலே கொண்டுவந்து தருவார்கள். என்னைக் கேட்டால் தஞ்சாவூரில் மாடியில் உட்காரச் சிறந்த வேளை அதுதான்.

வடகிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் இன்னொன்றும் கிடைக்கும். கோயில் ஒரு பக்கம் தெரிய, மறுபக்கம் அரண்மனையின் கூடகோபுரமும் மணிகோபுரமும் தெரியும். சோழர் கட்டியதையும், நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட இடத்தையும் ஒரே நாற்காலியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம்.

மேலே யாராவது விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று உங்கள் விருந்தாளிகளிடம் சொல்லத்தான் சொல்வார்கள். நிழல் விழும். மாலை நாலரைக்குப் பிராகாரத்தில் அந்த நிழலில்தான் பாதிக் கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

பதில்: அடுப்படி அனுபவம்

மேலவீதிவாசி ஐயா திசையைச் சொல்லிவிட்டார்; நான் பல ஆண்டுகள் விடுதிச் சமையலறைகளில் வேலை பார்த்தவன் என்பதால் தட்டில் வருவதைப் பற்றிச் சொல்கிறேன்.

மாடி உணவகம் என்றால் அடுப்பும் மாடியில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் சமையலறை தரைத்தளத்தில் இருக்கும். மின்தூக்கி கடைசி அறைத்தளத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டை ஏறித்தான் பரிமாறுபவர் வர வேண்டும். நெய் ரோஸ்ட்டைக் கல்லிலிருந்து எடுத்து மூடி போட்டு ஐந்து மாடி ஏற்றினால், அதன் சூட்டில் வரும் ஆவியே அதை நமத்துப்போகச் செய்துவிடும். மேசைக்கு வரும்போது அது தோசை, ரோஸ்ட் இல்லை. பூரியும் அப்படியே அமுங்கிவிடும். ஆகவே சூடு குறைந்தாலும் கெடாத பண்டங்களாகச் சொல்லுங்கள்: இட்லி, இடியாப்பம், சேவை, தயிர் சாதம். குடந்தைப் பக்கத்துக் கடப்பா கிடைத்தால் விடாதீர்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் சேர்ந்த அந்தக் குழம்பு, ஆற ஆற இறுகுமே தவிர ருசி குறையாது. உணவுப் பட்டியல் அட்டையில் பன்னீர் டிக்காவும் ஃபிரைட் ரைஸும்தான் முதலில் கண்ணில் படும். இந்த ஊர் ருசியைக் காட்ட வேண்டிய விருந்தாளிக்கு அவற்றை ஏன் வாங்கித் தர வேண்டும் என்பது என் கட்சி.

மின்தூக்கி மாடி வரைக்கும் வருகிறதா என்று தொலைபேசியில் கேட்கும்போது, "லிஃப்ட் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிறது என்று உண்மையாகவே சொல்லிவிடுவார்கள். கடைசிப் படிக்கட்டு எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் மழை மட்டும் கவலையில்லை. சுற்றிலும் சம்பா வயல். பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வந்து மொய்க்கும் பருவம் அது. குழல்விளக்கின் கீழே வெள்ளைச் சாதத்தை வைத்தால் ஐந்து நிமிடத்தில் பச்சைப் புள்ளி விழும். விவரம் தெரிந்த உணவகத்தார் மாடியின் ஒரு கோடியில் பளிச்சென்ற விளக்கைப் போட்டுப் பூச்சியை அங்கே இழுத்துவிட்டு, மேசைகளின் பக்கம் மங்கலான மஞ்சள் விளக்கை வைப்பார்கள். அப்படி வைத்தால் பார்வைக்கும் நல்லது, ஏனென்றால் கண்ணெதிரே பிரகாசமான விளக்கு எரியும் இடத்தில் தொலைவில் இருக்கும் கோபுரம் கண்ணுக்குப் பிடிபடாது. கண்ணாடி அடைத்த குளிர்சாதன மாடியை நான் பரிந்துரைப்பதே இல்லை. இருட்டியதும் அந்தக் கண்ணாடியில் கோயில் தெரியாது; நீங்களும் உங்கள் இலையும்தான் தெரிவீர்கள்.

பதில்: பொற்றாமரை

கும்பகோணத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால் சுருக்கமாக. இங்கே ஒரே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரமும் கும்பேசுவரரின் ஒன்பது நிலைக் கோபுரமும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருப்பதால், நடுவூரில் ஏதாவது ஒரு மாடியில் ஏறினால் நான்கு திசையிலும் ஏதாவது ஒன்று எழும்பி நிற்கும். மகாமகக் குளத்தைப் பார்த்த மாடியானால் கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் முழுமையாகத் தெரியும். தரையில் நின்று அந்த அமைப்பைப் புரிந்துகொள்வது கடினம். ஆனால் உணவகம் என்று நடத்துகிற மாடிகள் குறைவு. கும்பகோணத்தில் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதே முறை, டிகிரி காபியும் கீழே குடிப்பதே முறை. 2028இல் மகாமகம் வருகிறது. அந்த நாட்களில் குளத்தங்கரை மாடியில் இடம் கிடைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

பதில்: சத்திரம் பேருந்து நிலையம்

தஞ்சாவூர் நண்பர் உயரம் பயனில்லை என்றார். திருச்சியிலும் நிலைமை வேறல்ல, ஏனென்றால் இங்கே 83 மீட்டர் உயரப் பாறை ஒன்று ஊருக்கு நடுவே நிற்கிறது. ஆனால் ஒரு வசதி உண்டு. சத்திரம் பேருந்து நிலையத்துப் பகுதி மலைக்கோட்டைக்கு மேற்கே இருப்பதால், அங்குள்ள மாடிகளில் மாலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாறையின் மேற்கு முகம் முழுவதும் வெளிச்சம் படும். தஞ்சாவூரில் காலை ஏழு மணிக்குக் கிடைப்பது இங்கே மாலை ஐந்தரைக்கே கிடைக்கிறது, உணவகங்களும் திறந்திருக்கும். வடக்கே பார்த்தால் காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். 236 அடி உயரமான அந்தக் கோபுரம் 1987இல்தான் முடிந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

ஆற்றில் தண்ணீர் ஓடும்போது பார்க்க வேண்டும் என்பது முக்கியம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அணையில் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும். கோடையில் வந்தால் மாடியிலிருந்து தெரிவது மணல்வெளிதான். தை மாதம் என்றால் முதல் பாதியிலேயே வந்துவிடுங்கள். தஞ்சாவூரில் கோயிலுக்கு முன்னால் ஓடும் புது ஆற்றுக்கும் இதே கணக்குதான்.

மூட்டுவலி உள்ளவரை உச்சிப்பிள்ளையார் வரை ஏற்ற முயல வேண்டாம். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். இளையவர்கள் ஏறிவிட்டு வரட்டும். பெரியவர் மாடியில் காபி குடித்தபடி அவர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பதில்: அரசலாற்றங்கரை (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. தை முதல் பாதியில், தஞ்சாவூரில், வடகிழக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் தங்குவது என்று முடிவு செய்கிறோம். திருச்சிக்கு ஒரு மாலை. ஒரே ஒரு சந்தேகம். அடுப்படி அனுபவம் ஐயா சொன்னதைப் படித்த பிறகு, மேலே வாங்கிச் சாப்பிடுவதைவிட வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போய் விடுதியின் மொட்டை மாடியில் சாப்பிடலாமே என்று என் தாயார் கேட்கிறார். விடுதிகளில் இதற்கு இசைவார்களா?

பதில்: மேலவீதிவாசி

உங்கள் தாயார் சரியாகக் கேட்டிருக்கிறார். மாடியில் உட்கார்ந்து சாப்பிடுவதை உணவகங்கள் வந்துதான் நமக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதில்லை. பௌர்ணமிக்கு நிலாச்சோறு பிசைந்து பிள்ளைகளின் கையில் உருட்டிப் போட்ட வழக்கம் இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இருந்தது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகும் சித்திரான்னங்களே இதற்கும் பொருந்தும். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என எதுவும் சூடாக இருந்தே ஆக வேண்டியதில்லை, நீர்விட்டுப் போகாது, காற்றில் பறக்காது.

உணவகம் நடத்துகிற பெரிய விடுதிகளில் வெளி உணவை மாடிக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அது அவர்களுடைய வியாபாரம். உணவகம் இல்லாத சிறிய விடுதிகளில், அறை எடுத்திருப்பவர் மேலாளரிடம் முன்கூட்டிச் சொன்னால் மாடிச் சாவியைத் தருவது வழக்கம். இரவு ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும், இலையைக் கீழே கொண்டுவந்து போட வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட மாடிகளில் நாற்காலி இருக்காது என்பதால் பெரியவருக்கு அறையிலிருந்து ஒன்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் மார்பளவு இருந்தால் உட்கார்ந்தவருக்குச் சுவர்தான் தெரியும், அதையும் அறை எடுப்பதற்கு முன்பே ஏறிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்தை ஒட்டி நாள் அமைந்தால் அந்த மாலையைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மணியை ஒட்டிச் சூரியன் விமானத்துப் பக்கம் இறங்கும்போதே உங்களுக்குப் பின்னால் கிழக்கே நிலவு எழும். அரை மணி நேரத்தில் கோயிலின் விளக்குகளும் ஏற்றப்பட்டுவிடும். ஆறரைக்கு மேல் பனி இறங்கத் தொடங்கும், ஆகவே பெரியவருக்கு ஒரு சால்வை அவசியம்.