2024 கோடையின் மாவட்டப் பதிப்புகள் யாரிடமாவது இருக்கின்றனவா?

வணக்கம். 2024 ஏப்ரல், மே மாதங்களின் வெயில் பாதிப்பை நாளிதழ்ச் செய்திகளிலிருந்து மாவட்டவாரியாகத் தொகுத்து வருகிறேன். அந்த ஆண்டு அக்டோபரில்தான் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆகவே எந்தச் சாவு வெயிலால் நேர்ந்தது என்பது இனி வெறும் ஆய்வுக் கேள்வி அல்ல.

சிக்கல் இதுதான். ‘மயங்கி விழுந்து பலி’ என்று இருக்கும். வெயில் என்ற சொல்லே இருக்காது. சாலையில் விழுந்தவர் செய்தியாகிறார், தகரக் கூரையின்கீழ் படுத்த படுக்கையிலேயே போய்விட்ட பாட்டி ஆவதில்லை. அகமதாபாத்தில் 2010 மே மாதம் 1,344 பேர் கூடுதலாக இறந்தது, மொத்த இறப்புக் கணக்கை முன்பின் ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டபோதுதான் புலப்பட்டது. ஆனால் கோழிப் பண்ணை நட்டம், உதிர்ந்த மாம்பிஞ்சு, பகலில் வெறிச்சோடிய சந்தை: இவற்றுக்குச் செய்தித்தாளை விட்டால் வேறு பதிவேடு ஏது?

வேலூர், ஈரோடு, கரூர், சேலம் பதிப்புகளின் உள்பக்கங்கள் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். (எடைக்குப் போட்டிருந்தால் சொல்ல வேண்டாம், மனம் தாங்காது.) ஒரே சாவு மூன்று இதழ்களில் மூன்று வயதோடு வந்தால் எப்படிக் கணக்கில் கொள்வது? இதில் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.