இரைச்சல் கொடுத்தும் லேசரின் ஓரியல் தன்மை போகவில்லை, அவசரம்

டர்பன்_இழை:
வணக்கம். 1550 நானோமீட்டர் லேசர், பிறகு ஃபேஸ் மாடுலேட்டர் (வோல்ட் கொடுத்து ஒளியின் கட்டத்தை மாற்றும் கருவி). ஆம்ப்ளிஃபயர் வழியாக அதற்கு இரைச்சல் கொடுக்கிறேன். மைக்கேல்சனில் (ஒளியை இரண்டு கைகளில் பிரித்து மீண்டும் சேர்க்கும் குறுக்கீட்டுமானி) ஒரு கையை எவ்வளவு நீட்டினாலும் பட்டைகள் அழியவில்லை; அதாவது ஓரியல் தன்மை (ஒளி அலை தன் தாளம் மாறாமல் இருப்பது) போகவில்லை. எங்கே தவறு? 6 மணிக்கு மின்வெட்டு, அதற்குள் பார்த்தாக வேண்டும்.

கடலோரம்:
மாடுலேட்டரின் வி-பை (கட்டத்தைப் பை ரேடியன் மாற்றத் தேவையான வோல்ட்) எவ்வளவு? இரைச்சலின் அகலம் என்ன? எத்தனை மீட்டர் நீட்டினீர்கள்?

முதிய_ஆர்எஃப்:
தம்பி, எண் ஒன்றுகூட இல்லாமல் உதவி கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட்? பட்டைகள் முழுசாக நிற்கின்றனவா, மங்கி நிற்கின்றனவா? இதையெல்லாம் முதல் பதிவிலேயே எழுதப் பழகு.

மரிட்ஸ்பர்க்_அக்கா:
எதற்கு இந்தச் சிரமம்? சூப்பர்லூமினசென்ட் டையோடு (இயல்பிலேயே ஓரியல் தன்மை குறைந்த ஒளி மூலம்) ஒன்று வாங்கிப் போடுங்கள், முடிந்தது.

டர்பன்_இழை:
மன்னிக்கவும் அண்ணா. வி-பை 3.5 வோல்ட். இரைச்சல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை. ஆம்ப்ளிஃபயர் 1 வாட், அதன் வெளிவரும் வாயில் அளந்தால் சராசரி 24 டிபிஎம் (கால் வாட்). கை வித்தியாசம் 1 மீட்டர். பட்டைத் தெளிவு 0.35 பக்கம் வந்து அப்படியே நிற்கிறது.
அக்கா, இது 1 கிலோமீட்டர் சுருள் வைத்த ஃபைபர் ஜைரோவுக்கு (ஒளியிழையால் சுழற்சியை அளக்கும் கருவி). டையோடின் சராசரி அலைநீளம் வெப்பத்தில் நகரும், அளவுக்காரணியும் (ஜைரோவின் வெளியீட்டைச் சுழற்சி வேகமாக மாற்றும் எண்) கூடவே நகரும். அதனால்தான் லேசர்; ஆனால் சுருளின் பின்சிதறல் குறுக்கிடாமல் இருக்க அதன் ஓரியல் தன்மையை அழிக்க வேண்டும்.

கடலோரம்:
இப்போது புரிகிறது. 1 மீட்டர் என்றால் போய்வர 2 மீட்டர். 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஓரியல் நீளம் 30 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆகவே எஞ்சுவது கேரியர்தான் (இரைச்சலால் கலையாமல் பழைய அதிர்வெண்ணிலேயே நிற்கும் ஒளி). இரைச்சல் காஸியனாக இருந்தால், கட்டத்தின் ஆர்எம்எஸ் சிக்மா ரேடியன் என்க: எஞ்சும் கேரியர் எக்ஸ்ப்(−சிக்மா²). தூரத்தில் தெளிவும் அதே எண்தான். 0.37 வந்தால் சிக்மா 1. உங்கள் 24 டிபிஎம், 50 ஓமில் 3.5 வோல்ட் ஆர்எம்எஸ். அது சிக்மாவைப் பை ஆக்க வேண்டும், கேரியர் 43 டெசிபல் இறங்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வோல்ட்தான் வேலை செய்கிறது.

கண்ணாடித்துகள்:
துருவமுனைப்பு! லித்தியம் நியோபேட்டில் (மாடுலேட்டரின் படிகம்) தவறான அச்சில் ஒளி போனால் கட்ட மாற்றம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எண் அச்சாகப் பொருந்துகிறது. இணைப்பியின் சாவியை (அச்சைச் சரியாகப் பொருத்தும் முனை) பாருங்கள்.

முதிய_ஆர்எஃப்:
புரோட்டான் மாற்று முறையில் செய்த அலைவழி (படிகத்துக்குள் ஒளி போகும் தடம்) தவறான அச்சின் ஒளியைக் கடத்தவே கடத்தாது. டைட்டானியம் அலைவழி என்றால் மட்டும் இந்தப் பேச்சு. எது என்று கேட்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது.

கண்ணாடித்துகள்:
பெரும்பாலான ஃபேஸ் மாடுலேட்டர்கள் டைட்டானியம்தானே அண்ணா.

பிட்வரிசை:
இரைச்சலை விட்டுவிட்டு பிஆர்பிஎஸ் (தற்செயல் போலத் தோன்றும், திரும்பத் திரும்ப வரும் பிட் வரிசை) கொடுங்கள். 0, பை என்று தாவினால் கேரியர் சுத்தமாக அழியும், ஆம்ப்ளிஃபயர் உச்சத்தை வெட்டினாலும் கவலையில்லை.

கடலோரம்:
ஜைரோவில் அது ஆபத்து. 127 பிட் வரிசை 1 கிகாபிட்டில் 127 நானோ நொடிக்கு ஒருமுறை திரும்பும். ஃபைபரில் அது சுமார் 26 மீட்டர். ஒவ்வொரு 26 மீட்டருக்கும் ஓரியல் தன்மை உயிர்த்தெழும், சுருளின் பின்சிதறல் அதில் போய்க் குறுக்கிடும்.

பிட்வரிசை:
127 யார் சொன்னது? 2-ன் அடுக்கு 31 எடுங்கள், 2 நொடிக்கு ஒருமுறைதான் திரும்பும்.

கடலோரம்:
அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் இருப்பது இரைச்சல் மூலம்; அதை முதலில் சரி செய்வோம். 1 வாட் சைன் அலையின் உச்சம் 10 வோல்ட், 3.5-இன் மூன்று மடங்குக்குச் சற்றே குறைவு. உச்சம் வெட்டுப்படுவது சொற்பம். தம்பி, ஆம்ப்ளிஃபயரின் வாய்க்கும் மாடுலேட்டருக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு வோல்ட் என்றால் 10 டெசிபல்.

முதிய_ஆர்எஃப்:
இதைத்தான் நானும் கேட்க வந்தேன்.

டர்பன்_இழை:
10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு). போன வாரம் ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் காப்பாற்ற மாட்டியது, கழற்றவே இல்லை. எடுத்துவிட்டேன், பட்டைகள் போய்விட்டன. எல்லாருக்கும் நன்றி, லைட் போகப் போகிறது.

கண்ணாடித்துகள்:
அலைவழி டைட்டானியமா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிட்வரிசை:
சுருளோடு சேர்த்து அளந்ததும் எண்களைப் போடுங்கள்.