கலைச்சொல் தேவை: உயிரோடு இருக்கையில் பட்ட காயம், உயிர் போன பின் பட்ட காயம்

உவர்மலை:
அன்பர்களே, திடீர் மரண விசாரணை அதிகாரிகளுக்கான கையேட்டுத் தமிழாக்கம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘போஸ்ட்மோர்ட்டம்’ காயத்தை, அதாவது இறந்த பின் பட்டதை, முதல் வரைவில் ‘பிரேத பரிசோதனைக் காயம்’ என்று எழுதியிருக்கிறார்கள். வாசிக்கிறவர் அதை டொக்டர் கத்தி வைத்த இடம் என்றுதான் எடுப்பார். சாக்காடு, சாப்பறை வழியில் ‘சாமுன் காயம்’, ‘சாப்பின் காயம்’ சரிவருமா?

மூதூர்:
சாப்பின் வேண்டாம். நீதிமன்றத்தில் வாயால் சொன்னால் ‘சாப்பிட்ட பின்’ என்று காதில் விழும். மவுத்துக்கு முன்னமா பின்னமா என்றால் எங்கள் ஊரில் எவருக்கும் விளங்கும். கையேட்டுக்கு ‘மரணத்துக்கு முன், பின்’ போதும்.

நிலாவெளி:
முன், பின் என்றால் மணிக்கூடு பார்த்துச் சொல்வது போலாகும். பார்ப்பது நேரத்தை அல்ல, இழையம் உயிரோடு எதிர்வினை காட்டியதா என்பதை. நிறம் மாறிய இடத்தைக் கீறித் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். இறந்த பின் கீழிறங்கித் தேங்கிய இரத்தம் நாளத்துக்குள் நிற்பதால் வழிந்து கழுவுப்படும். கண்டல் காயத்தில், அதாவது அடிபட்டு உள்ளே இரத்தம் கன்றிய இடத்தில், அது இழையத்துக்குள் ஊறியிருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

கடலில் எடுத்த உடலில்தான் அதிகம் பிழை வரும். கண்ணிமை, உதடு, காதுமடலை மீனும் நண்டும் தின்ற இடம் காயம் போலத் தெரியும். உயிரோடு பட்ட வெட்டோ இரத்தம் கழுவுப்பட்டு ஓரம் வெளிறிக் கிடக்கும். கரையில் எறும்பு கடித்த இடம் காய்ந்து, மஞ்சள் கலந்த கபில நிறத்தில் உராய்வுக் காயம் போல நிற்கும். சந்தேகமென்றால் காய ஓரத்தை அடுத்த நல்ல தோலோடு சேர்த்து வெட்டி, துண்டைப் போல் 10 மடங்கு அளவான 10 வீதப் போர்மலினில் (இழையம் கெடாமல் காக்கும் திரவம்) போட்டு நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். காயத்தில் இரத்த வெண்குழியங்கள் நன்றாகத் திரண்டிருந்தால் உயிர் இருந்திருக்கிறது. திரளாவிட்டால் இறந்த பின் பட்டது என்று எழுதிவிடக்கூடாது. திரள மணித்தியாலங்கள் எடுக்கும், ஆள் அதற்குள் இறந்திருக்கலாம். ஆகவே ‘உயிர்ப்புக் காயம்’, ‘உயிர்ப்பிலாக் காயம்’.

தம்பலகாமம்:
இதை அவ்வையார் எப்போதோ பிரித்துவிட்டார். புறநானூறு 93ஐப் பாருங்கள். நோயில் இறந்த அரசரைப் புல்லில் கிடத்தி, மறவர் போகும் உலகுக்குப் போகட்டும் என்று வாளால் கீறி அடக்குவர். அதற்கு அவர் சொல் ‘வாள் போழ்ந்து’. அதே பாட்டில், உயிரோடு நிற்கும் அதியமான் பட்டது ‘விழுப்புண்’. பிணத்தில் கீறியதை அவர் புண் என்று சொல்லவே இல்லை. புண் நோகும், சீழ் பிடிக்கும், ஆறும். பிணத்துக்கு இவை ஏது? உயிர் இருந்தால் புண், போனால் போழ்வு. காயத்தை விட்டுவிடலாம், சித்தர் பாட்டில் அது உடம்பு.

கிண்ணியா:
போழ்வு பிளவல்லவா? கண்டலும் சூடும் எப்படிப் போழ்வாகும்? புண் என்றால் இன்று சனங்களுக்குச் சலரோகக்காரரின் காலில் ஆறாமல் இருப்பதுதான்.

நிலாவெளி:
இன்னொரு சிக்கல். மரணத்தை ஒட்டிய நேரத்தில் பட்டது எந்தப் பக்கம் என்று பல வேளை சொல்லமுடியாது. கீறிப் பார்க்குமுன்பே புண், போழ்வு என்று எழுதினால் முடிவையே எழுதிவிட்டோம். பொதுச்சொல்லாகக் காயம் இருந்தே ஆகவேண்டும். இரத்தக் கசிவை மட்டும் நம்பவும் முடியாது; தலை தாழ்ந்து மிதந்த உடலில், இறந்த பின் பட்ட காயமும் கசியும்.

உவர்மலை:
அப்படியானால் ‘மரணத்துக்கு முன் பட்ட காயம்’, ‘மரணத்துக்குப் பின் பட்ட காயம்’, ‘நிச்சயிக்க முடியாத காயம்’. டொக்டர் தேடும் அடையாளங்களுக்கு ‘உயிர்ப்புக் குறிகள்’. மூன்று பேர் ஒப்புக்கொண்டதால் இதையே அனுப்புகிறேன்.

தம்பலகாமம்:
அனுப்புங்கள், ஆனால் ‘பட்ட’ பிழை. துன்பப்பட்டான், புண்பட்டான் என்பதில் படுகிறவனுக்கு உயிர் உண்டு. பிணம் எதைப் படும்? பின்னதிலாவது ‘ஏற்பட்ட’ என்று திருத்துங்கள். போழ்வை நான் கைவிடவில்லை. வெட்டுக்காயப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளாவது அதற்கு இடம் தாருங்கள்.