மேலதிகாரி மாறினதும் கால் வீக்கம் வடிந்தது – உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முன்னாள் ஜவுளிக்கடை விற்பனையாளர், மதுரை

சம்பளம் பத்தவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று நிறையப் பேசுகிறோம். நமக்கு நேர் மேலே இருக்கிற ஒருவரின் குணம் நம் காலில், வயிற்றில், தூக்கத்தில் என்ன செய்கிறது என்று பேசுவது குறைவு. முதலாளியைச் சொல்லவில்லை. முதலாளியை நான் வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையில்தான் பார்த்தேன். தினமும் கண் முன்னால் நின்று, உட்காரலாமா, தண்ணீர் குடிக்கலாமா, பாத்ரூம் போகலாமா என்று தீர்மானிக்கிற அந்த ஒருவரைச் சொல்கிறேன்.

சென்னை தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் இருந்தேன். தங்க ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கடையே கொடுக்கும். காலையில் மாடி ஏறினால் இரவு கடை சாத்தும் வரை நிற்க வேண்டியதுதான். மதியம் ஆளே இல்லாத நேரத்தில்கூட சுவரில் சாயக் கூடாது. எங்கள் மாடி சூப்பர்வைசர் கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிட்டுத் திட்டுவார். பாத்ரூம் போக அவரிடம் சொல்ல வேண்டும், திரும்பி வந்தால் “ஏன் இவ்வளவு நேரம்?” என்று எல்லார் முன்னாலும் கேட்பார். ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அதற்குப் பயந்தே நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் அறையில் கிடையாது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் இரவு ஹாஸ்டலுக்கு வந்ததும் எல்லாரும் பாயில் மல்லாந்து படுத்து, காலைச் செவுத்தில் தூக்கி வைத்துக்கொள்வோம். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஜோடி கால். செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாகவும் மற்ற இடமெல்லாம் வீங்கியும் இருக்கும். என்னைவிட மூத்த அக்கா ஒருவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி நீலமாகப் புடைத்து நின்றது.

2021 செப்டம்பரில் சட்டசபையில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார எல்லாப் பணியாளருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. கேரளாவில் இது 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவரும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் பல வருஷம் போராடியதன் பலன் அது. அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்து இறங்கியது. சூப்பர்வைசர் அதன் மேல் புடவைக் கட்டுகளை அடுக்கச் சொன்னார். “உக்காரக் கூடாது” என்று அவர் வாயால் சொல்லவே இல்லை, ஆனால் ஒருத்தியும் உட்காரவில்லை. சட்டம் வந்தது, ஸ்டூல் வந்தது, கால் மட்டும் வீங்கியபடியே இருந்தது.

சில மாசம் கழித்து அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டு திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரைப் போட்டார்கள். அவரும் எங்களைப் போல கவுண்டரில் நின்று மேலே வந்தவர். முதல் நாள் மதியம், புடவைக் கட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார். ஸ்டாக் நோட்டை மடியில் வைத்துக் கணக்குப் பார்த்தபடியே, “ஆள் வந்தா எந்திரிங்க தாயி. வராத நேரத்துல நின்னு என்ன ஆகப் போவுது?” என்றார். அதற்குப் பிறகும் நாங்கள் உட்கார ரெண்டு மூணு நாள் ஆயிற்று. அவர் தினமும் உட்கார்ந்து காட்டிய பிறகுதான் தைரியம் வந்தது. பாத்ரூமுக்குச் சொல்லிவிட்டுப் போகிற வழக்கத்தையும் நிறுத்தினார். தண்ணீர் கேனை மாடியிலேயே வைக்கச் சொன்னார்.

கடை அதேதான், சம்பளமும் நேரமும் மாறவில்லை. ஆனாலும் கால் வீக்கம் வடிந்தது. விற்பனை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். கடை பெயர், ஆள் பெயர் வேண்டாம்.

செவிலியர், கோவை

உங்கள் அண்ணாச்சியைப் படித்ததும் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் நினைவுக்கு வந்தார்.

தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ. முன்பு இருந்த இன்சார்ஜ், யார் எந்தத் தவறு செய்தாலும் நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே கத்துவார். பிறகு மெமோ. அவர் டூட்டி என்றால் முந்தைய ஷிஃப்டிடம் பொறுப்பு வாங்கும் ஹேண்ட்ஓவர் எடுக்கும்போதே ஜூனியர் பிள்ளைகளுக்குக் கை நடுங்கும். நைட் ரோஸ்டர் அவருக்கு ஒரு ஆயுதம். பிடிக்காதவர்களுக்குத் தொடர்ந்து நைட் விழும். அதில் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கே தாறுமாறாகி, மருந்து எடுக்க வேண்டி வந்தது.

அவர் போய் இன்னொருவர் வந்தார். ஒரு ராத்திரி ஜூனியர் ஒருத்தி மருந்து கலக்கும்போது டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை (சின்னக் கண்ணாடிக் குப்பி) உடைக்கப் போனாள். கடைசி நொடியில் லேபிளைப் பார்த்து நிறுத்திவிட்டாள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதை நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பழைய இன்சார்ஜ் காலமாக இருந்தால் அவள் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். இவரிடம் காலையிலேயே போய்ச் சொன்னாள். இவர் கேட்ட முதல் கேள்வி, “அது ரெண்டும் எங்கே இருந்துச்சு?” என்பதுதான். ஒரே டிராயரில், அடுத்தடுத்த தட்டில் இருந்தது. அன்றைக்கே பொட்டாசியத்தைத் தனி அலமாரியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பூட்டி வைத்தார்கள். அந்தப் பெண்ணை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, இன்சிடென்ட் ஃபார்மைப் பக்கத்தில் இருந்து நிரப்ப உதவினார்.

ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக நடக்கிற வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு அங்கேதான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தது தெரிந்தது. நடந்ததைப் பயமில்லாமல் சொல்லக்கூடிய தலைமை அங்கே இருந்ததுதான் காரணம். மற்ற இடங்களில் பிழைகள் மறைக்கப்பட்டன. இதைப் படிப்பில் பாடமாக வாசித்தபோது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஆம்பியூல் சம்பவத்துக்குப் பிறகு, இன்சார்ஜ் சிஸ்டரின் குரலுக்கும் நோயாளியின் உயிருக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

வங்கி அதிகாரி, தஞ்சாவூர்

எனக்குப் பிரச்சினை மாலை ஆறு மணிதான். ஆறு மணிக்கு மேல் வட்டார அலுவலகத்திலிருந்து வீடியோ மீட்டிங். ஐம்பது அறுபது மேனேஜர்கள் திரையில். இன்சூரன்ஸ் டார்கெட் எட்டாதவரின் பெயரைச் சொல்லி, நிற்க வைத்து, “உங்க வீட்டுல சோறு போடுறாங்களா?” என்கிற அளவுக்குப் பேச்சு. ஐம்பது வயதுக்கு மேலான ஒரு மனிதர் தலை குனிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு முப்பத்தெட்டு வயதில் பிரஷர் மாத்திரை தொடங்கியது.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். செய்தேன். அளவு இறங்கவில்லை. ட்ரான்ஸ்ஃபரில் வேறு வட்டாரம் போனதும் இறங்கியது. அங்கே இருந்த ஏ.ஜி.எம். (உதவிப் பொது மேலாளர்) ஒவ்வொரு கிளைக்கும் தனியாக போன் செய்து, “எந்த எண்ணிக்கை உங்களுக்கு முடியும், நீங்களே சொல்லுங்க” என்பார். சொன்னதைப் பெரும்பாலும் முடித்துவிடுவோம்.

இதில் எனக்குப் பிடித்த ஆதாரம் பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. ஆய்வாளர் மைக்கேல் மார்மட் அதில் கண்டது: கீழ்நிலை ஊழியர்களிடம் இதய நோய் இறப்பு, உச்சிப் பதவியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தாலும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் விளங்காமல் நின்றது. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது. “உங்களுக்கு என்ன முடியும்?” என்று அந்த ஏ.ஜி.எம். கேட்ட கேள்வி எனக்கு மருந்தாக வேலை செய்தது என்றால் மிகையில்லை.

செக்கிங் பிரிவு, திருப்பூர்

நம்ம பனியன் கம்பெனிலயும் இதே கதைதானுங்க. லைன் தலைப்புல ஒரு போர்டு இருக்கும். மணிக்கு எத்தனை பீஸ்னு எழுதுவாங்க. குறைஞ்சா சூப்பர்வைசர் பீஸைத் தூக்கி மூஞ்சில எறிவாரு. டெய்லர் அக்காங்கள அவரு கூப்பிட்ட பேரை இங்க எழுத முடியாதுங்க. ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல வீட்டுக்குப் போனா, பிள்ளை ஏதாவது கேட்டா சுள்ளுனு விழுவோம். அங்க வாங்குனது வீட்டுல இறங்குது.

இப்போ இருக்கிற லைன் அம்மா “கண்ணு, எந்த இடத்துல மாட்டுது?”ன்னுதான் கேப்பாங்க. ஒருக்கா ஓவர்லாக் மெஷின்ல ஊசி சரியில்லாமதான் ஆல்டர் (திருத்தத் திரும்பி வர்ற பீஸ்) நிறைய வந்துச்சு. அவங்க கேட்டதுனால தெரிஞ்சுது. முன்னாடி இருந்தவரு நாள் பூரா எங்களைத்தான் திட்டியிருப்பாரு.

வேலையிடத்துல பொம்பளைங்களுக்கு நடக்கிற தொல்லையைத் தடுக்க திண்டுக்கல் பக்கம் 2022-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அங்க ஒரு கார்மெண்ட் கம்பெனில வேலை பார்த்த பொண்ணைச் சூப்பர்வைசர் கொன்னுட்டான்னு வழக்கு வந்த பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் பொம்பளைங்க போராடி வாங்குனது. வெளிநாட்டுக் கம்பெனிங்களும் கையெழுத்துப் போட்டாங்க. தொழிலாளிங்கள்லயே இருபத்தஞ்சு பேருக்கு ஒருத்தருன்னு பயிற்சி குடுத்து, தப்பு நடந்தா கவனிச்சுச் சொல்ல வெச்சாங்க. நல்ல லைன் அம்மா கிடைக்கிறது எங்க அதிர்ஷ்டம். எல்லா லைனுக்கும் அதிர்ஷ்டம் இருக்காதுங்க, அதனால இந்த மாதிரி ஏற்பாடு எல்லா ஊருலயும் வேணும்.

டீம் லீட், சென்னை ஓ.எம்.ஆர்.

நடுவில் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேலே இருந்து வருவதை அப்படியே கீழே தள்ளிவிடுவது மிகச் சுலபம். கிளையன்ட் என் மேலதிகாரியைக் கடிந்தால் அவர் என்னைக் கடிவார், நான் டீமைக் கடியலாம். என்னை வளர்த்த முதல் மேனேஜர் அதைச் செய்யவில்லை. கிளையன்ட்டின் புகார் மெயில் வந்த அன்று அவர் முகம் இறுகியிருக்கும், எங்களிடம் வரும்போது, “நாளைக்கு எதை முதல்ல முடிக்கணும்?” என்பது மட்டும்தான் வரும். இரவில் மெயில் எழுதினாலும் காலை ஒன்பதுக்கு வரும்படி நேரம் குறித்து அனுப்புவார். நானும் அப்படித்தான் செய்கிறேன். ரேட்டிங் சமயத்தில் பெல் கர்வ் (இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்ற கட்டாயப் பங்கீடு) என்று சொல்லி ஒருவரைக் கீழே போடச் சொல்கிறார்கள், அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. அந்த மாசம் எனக்கும் தூக்கம் கெடும்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம், வேலைச் சோர்வை நோயாக இல்லாமல் வேலையிடத்தோடு சேர்ந்த நிலையாக நோய்ப் பட்டியலில் விளக்கியது. 2022-ல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஊழியர்களின் மனநலத்துக்காக மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் ஊழியர்களுக்கு யோகா வகுப்பு வைத்தார்கள். மேலாளர்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை. பயிற்சி தேவைப்படுவது எங்களுக்குத்தான் என்று எச்.ஆரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நகைக்கடை, திருநெல்வேலி

அக்கா, நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. எங்க கடையில ஸ்டூலே கெடையாது. கேட்டா, “நகை வாங்க வர்றவங்க முன்னாடி உக்காந்தா மரியாதையா?”ங்கிறாரு இன்சார்ஜ். என்ன செய்யலாம்?

முன்னாள் ஜவுளிக்கடை விற்பனையாளர், மதுரை

தங்கச்சி, தனியாகப் போய்க் கேட்காதே. உன்னோடு நிற்கிறவர்கள் மூணு நாலு பேராகச் சேர்ந்து, அந்த இன்சார்ஜையும் தாண்டி முதலாளியிடமோ மேனேஜரிடமோ போங்கள். பல முதலாளிகளுக்கு மாடியில் நடப்பதே தெரியாது. 22-ஏ பிரிவு என்று சொல்லுங்கள். நகைக்கடைக்கும் அந்தச் சட்டம்தான். கேட்காவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதலாம். கடை முகவரி, எந்தப் பிரிவு, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும்.

இன்சார்ஜ் அசிங்கமாகப் பேசினாலோ தொட்டாலோ அது வேறு சட்டம், 2013-ல் வந்தது. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் புகார்க் குழு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. மூன்று மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதே. மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்கு போன் பண்ணு. டெலிமானஸ் என்று பேர், அரசு நடத்துவது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

எழுதுகிற மனுவை அனுப்புவதற்கு முன் இங்கே போடு. கடை பேரை எடுத்துவிட்டுப் போடு. நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.